காணாமற்போன கோப்புகளை மீட்பது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

மதுரையில் கணினி பழுதுபார்க்கும் என் மேசைக்கு வரும் ஹார்டு டிஸ்க்குகளில் பெரும்பாலானவை மூன்று வகையான இடங்களிலிருந்து வருகின்றன: கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைகள், ஆல்பம் போடும் ஸ்டுடியோக்கள், ஒத்தக்கடைப் பக்கமுள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய்வரும் வழக்கறிஞர்களின் அலுவலகங்கள். கொண்டுவருபவர் ஒவ்வொருவரும் "எல்லாம் போய்விட்டது" என்றே தொடங்குகிறார். பிரித்துப் பார்த்தால் நிஜமாகவே போனவை சிலவாகத்தான் இருக்கும். மற்றவை வேறோர் இடத்தில் கிடக்கும், அல்லது மறைந்திருக்கும், அல்லது எந்தக் கோப்பு எங்கே என்று டிஸ்க் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து மட்டும் நீங்கியிருக்கும். கோப்பு காணவில்லை என்று தெரிந்த அடுத்த ஒரு மணி நேரத்தில் பதற்றத்தில் செய்யும் காரியங்களே அவற்றை மீளாத இடத்துக்குத் தள்ளுகின்றன. ஆகையால் உங்கள் அறிகுறி எதுவென்று பார்த்து, அந்தத் தலைப்பின் கீழுள்ள சோதனைகளை வரிசை மாறாமல் செய்யுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

கோப்பு இருந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதவிடாதீர்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவதும், மீட்ட கோப்புகளை அதே டிஸ்க்கில் சேமிப்பதும் எழுதுவதில் அடங்கும். காணாமற்போனது சி டிரைவில் இருந்தது என்றால், கணினியை அணைத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டிப் பார்ப்பதே சரி. விண்டோஸ் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலும் சி டிரைவில் ஏதாவது எழுதிக்கொண்டேயிருக்கும்.

அடுத்து, உங்களிடமிருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க்கா, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யா என்று தெரிந்துகொள்ளுங்கள். சுழலும் டிஸ்க்கில் அழித்த கோப்பு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். கணினிக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி.யில், அழித்த இடத்தை 'டிரிம்' என்னும் ஏற்பாடு சீக்கிரமே வெறுமையாக்கிவிடும் என்பதால், மீட்பு மென்பொருள் பெயரைக் காட்டினாலும் கோப்பின் உள்ளே ஒன்றும் இருக்காது.

அறிகுறி 1: கோப்பு அல்லது ஃபோல்டர் இருந்த இடத்தில் இல்லை

நகர்ந்துபோயிருக்கிறதா என்று பாருங்கள்

என் அனுபவத்தில் முதற்காரணம் அழித்தல் அன்று; சுட்டி வழுக்கியதுதான். ஃபோல்டரைப் பிடித்து இழுக்கும்போது விரல் விட்டுப்போய், அது பக்கத்திலிருந்த ஃபோல்டருக்குள் விழுந்துவிடுகிறது. சற்று முன்தான் நடந்தது என்றால் கன்ட்ரோல் விசையுடன் இசட் விசையை ஒருமுறை அழுத்தினால் திரும்பி வந்துவிடும். இல்லையேல், பெயரை நம்பாமல், கோப்பின் வகையைக் கொண்டு டிரைவ் முழுவதும் தேடி, முடிவைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். பிறகு ரீசைக்கிள் பின். பென் டிரைவிலிருந்தோ, நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரிலிருந்தோ அழித்தவை உங்கள் கணினியின் ரீசைக்கிள் பின்னுக்கு வருவதில்லை. ஷிஃப்ட் விசையோடு அழித்ததும் வராது.

வேறு நகல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தச் சோதனையைப் பலரும் தாண்டிப்போகிறார்கள். பாதிப்பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும் என்பதால் நான் இங்கே சற்று நிற்கிறேன். கோரல் டிராவில் வேலை செய்பவர்கள், 'பேக்கப் ஆஃப்' என்று தொடங்கும் பெயருள்ள கோப்பைத் தேட வேண்டும். மென்பொருள் தானாகவே வைத்த முந்தைய நகல் அது. ஆட்டோகேடில் அதே பெயரில் 'பேக்' என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பு இருக்கும். அதற்கு ஒரு படியெடுத்து, பின்னொட்டை 'டி.டபிள்யூ.ஜி.' என்று மாற்றினால் வரைபடம் திறக்கும். வேர்டில், ஃபைல் பட்டியலின் 'இன்ஃபோ' பகுதிக்குள் சேமிக்காத ஆவணங்களை மீட்கும் வசதி இருக்கிறது. கணக்கெழுதும் மென்பொருளான டேலியில் கம்பெனியே காணவில்லை என்றால், முதலில் எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டரைத் தேடுங்கள். அது இருந்தால் கணக்கும் இருக்கிறது, டேட்டா இருக்கும் பாதைதான் மாறியிருக்கிறது. டேலி ஈ.ஆர்.பி. 9இல் எடுத்த பேக்கப் என்றால் கோப்பின் பெயர் டி.பி.கே.900 என்று தொடங்கும்.

கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை இருக்கும். அதுவும் இல்லையா, மெய்ப்புப் பார்க்க வாடிக்கையாளருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் மின்னஞ்சலின் 'சென்ட்' பெட்டியையும் பாருங்கள். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கையில் தொலைந்த பத்திரிகை ஒன்று, மாப்பிள்ளையின் தாய்மாமன் போனில் பி.டி.எஃப். ஆகப் பத்திரமாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

அழிந்தது உறுதியானால்

விண்டோஸ் 10இன் 2004 என்ற எண்ணுள்ள பதிப்பிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும், மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் 'விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி' இயங்கும். எடுக்கும் டிரைவும் வைக்கும் டிரைவும் வேறுவேறாக இருந்தாலன்றி அது வேலை செய்யாது. இந்த ஒரு கட்டுப்பாட்டுக்காகவே புதியவர்களுக்கு அதை நான் சொல்வதுண்டு, கட்டளை அடிக்க வேண்டியிருந்தாலும்கூட. படம் பார்த்து அழுத்துவதே வசதி என்பவர்களுக்கு ரெக்குவா போதும். இவை இரண்டும் பெயரோடு எடுக்க முயல்பவை.

பெயர் போனாலும் பரவாயில்லை, உள்ளே இருப்பது வந்தால் போதும் என்ற நிலைக்கு ஃபோட்டோரெக் இருக்கிறது; இதுவும் இலவசம். கோப்பின் தொடக்க அடையாளத்தைக் கொண்டு டிஸ்க் முழுவதையும் துழாவி எடுப்பதால், ஃபோல்டர் அமைப்பும் பழைய பெயர்களும் வராது. எண்களையே பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகளை நீங்கள்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். புகைப்படங்களும் பி.டி.எஃப்.களும் நன்றாக வரும். துண்டுதுண்டாக எழுதப்பட்டிருந்த பெரிய வீடியோக்கள் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும்.

கேமரா மெமரி கார்டுக்கும் இதே வழிதான். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கியதை எடுத்த இளைஞர் ஒருவர், கார்டைத் தவறுதலாகக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்தார். அதை உணராமல் அதே கார்டில் மண்டகப்படிகளையும் எடுத்துக்கொண்டே போனார். ஃபோட்டோரெக்கில் பெரும்பகுதி வந்தது. விடியற்காலையில் எடுத்த முதற்சில படங்கள் வரவில்லை. அவற்றின்மேல்தான் மண்டகப்படி உட்கார்ந்திருந்தது. ஃபார்மேட் ஆனதை அறிந்த கணமே கார்டை உருவிச் சட்டைப்பையில் போட்டிருந்தால் எல்லாமே கிடைத்திருக்கும்.

நிபுணரை அழைக்கும் இடம்: சுழலும் டிஸ்க்காக இருந்து, கோப்பு திரும்ப உருவாக்கவே முடியாததாக இருந்தால், ஒரே ஒரு மென்பொருளோடு நிறுத்திக்கொண்டு கொடுத்துவிடுங்கள். ஐந்தாறு மென்பொருள்களை மாற்றிமாற்றி ஓட்டுவதில் பலனேதும் கூடுவதில்லை.

அறிகுறி 2: கணினி திறக்கிறது, ஆனால் டெஸ்க்டாப் வெறிச்சென்று இருக்கிறது

படமும் மாறி, ஐகான்களும் இல்லாமல், உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை என்று ஓர் அறிவிப்பும் வந்தால், விண்டோஸ் உங்களைத் தற்காலிகக் கணக்கில் உட்கார வைத்திருக்கிறது என்று பொருள். சி டிரைவிலுள்ள 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் திறந்தால் உங்கள் பழைய பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும்; டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அதனுள்ளேயே இருக்கும். முதலில் அவற்றை வெளி டிஸ்க் ஒன்றில் படியெடுங்கள். பிறகு ஒன்றிரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தாலே பலமுறை சரியாகிவிடும். ஆகாவிட்டால் விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க வேண்டியிருக்கும் என்பதால் தெரிந்தவரிடம் விடுங்கள். தற்காலிகக் கணக்கின் டெஸ்க்டாப்பில் மட்டும் எதையும் சேமிக்காதீர்கள், வெளியேறியவுடன் அது மறைந்துவிடும்.

அறிவிப்பு எதுவும் இல்லாமல் டாக்குமென்ட்ஸ் மட்டும் காலியாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவைச் சந்தேகியுங்கள். புதுக் கணினியைத் தொடங்கும்போது கேட்கப்பட்ட கேள்விக்கெல்லாம் 'நெக்ஸ்ட்' கொடுத்தவர்களுக்கு, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நகர்த்தப்பட்டிருக்கலாம். பிறகு யாராவது ஒன்டிரைவைத் துண்டித்தால் அவை காணாமற்போனது போலத் தோன்றும். அதே கணக்கில் உலாவி வழியாக நுழைந்தால் அங்கே இருக்கும்.

விண்டோஸை மேம்படுத்திய பிறகு, அல்லது ஃபார்மேட் செய்யாமல் மேலேயே மறுபடி நிறுவிய பிறகு இப்படி ஆனது என்றால், சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மேம்படுத்தலுக்குப் பின் சுமார் 10 நாளில் விண்டோஸே அதை நீக்கிவிடும் என்பதால் அன்றைக்கே படியெடுத்துவிடுவது நல்லது. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 மேம்படுத்தல் சிலருடைய ஆவணங்களை நிஜமாகவே அழித்துவிட்டதால் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்துத் திருத்தி வெளியிட்டது என்பதும் உண்மையே. ஆனால் அத்தகையது அரிது.

நான் அதிகம் காண்பது இன்னொன்று. "சி-யை மட்டும் ஃபார்மேட் போடுங்க, சி-ல நான் எதுவும் வைக்கல" என்று வாடிக்கையாளர் சொல்கிறார், சர்வீஸ் செய்பவரும் அப்படியே செய்துவிடுகிறார். டெஸ்க்டாப்பும் சி-க்குள்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது சர்வீஸ்காரர் பொறுப்பு. இந்நிலை வந்துவிட்டால் கணினியை உடனே அணைத்துவிட்டு அறிகுறி 5க்குப் போங்கள்.

அறிகுறி 3: பென் டிரைவில் இடம் நிரம்பியிருக்கிறது, கோப்புகள் தெரியவில்லை

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கச் செருகிய பென் டிரைவ்களின் வியாதி இது. ஃபோல்டர்கள் இருந்த இடத்தில் அதே பெயரில் ஷார்ட்கட்கள் மட்டும் இருக்கும். அவற்றை அழுத்தினால் வைரஸ் உங்கள் கணினிக்கும் தாவும். அழுத்தாதீர்கள். டிரைவின் மேல் வலது சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். நிரம்பிய அளவு பழையபடியே இருந்தால் கோப்புகள் உள்ளேயே இருக்கின்றன, மறைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

ஃபோல்டர் ஆப்ஷன்ஸுக்குப் போய், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி தேர்ந்தெடுத்து, அதன் கீழே பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும்படி இருக்கும் குறியையும் எடுத்துவிடுங்கள். பலரும் முதலாவதை மட்டும் செய்து, ஒன்றும் வரவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். பெயரே இல்லாமல் வெற்றிடமாகத் தெரியும் ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் குவிந்திருப்பதும் உண்டு. மறைப்பை நிரந்தரமாக நீக்க, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'அட்ரிப் -எச் -ஆர் -எஸ் /எஸ் /டி ஈ:\*.*' என்பதை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். ஈ இருக்கும் இடத்தில் உங்கள் பென் டிரைவின் எழுத்து வரவேண்டும். கோப்புகளை மட்டும் படியெடுத்து, ஷார்ட்கட்களை விட்டுவிட்டு, வைரஸ் சோதனை செய்தபின் பென் டிரைவை ஃபார்மேட் செய்துகொள்ளலாம்.

நிரம்பிய அளவே பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் இது அழிந்த வகை. அறிகுறி 1க்குத் திரும்புங்கள்.

நடைபாதையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய '1 டி.பி.' பென் டிரைவ் என்றால் வேறு கதை. உள்ளே இருப்பது சிறு கொள்ளளவு. வெளியே காட்டுவது பெரிய எண். உண்மையான அளவைத் தாண்டி எழுதியவை எதுவும் எங்கும் பதியவே இல்லை, ஆகவே மீட்பதற்கு எதுவும் இல்லை. 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்னும் சிறு மென்பொருள் உண்மை அளவைச் சொல்லிவிடும். ஆனால் அது டிரைவில் எழுதிச் சோதிப்பது என்பதால், எடுக்க வேண்டியதை எடுத்த பிறகே ஓட்ட வேண்டும்.

அறிகுறி 4: கோப்பு இருக்கிறது, உள்ளே இருப்பது இல்லை

தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள்

விண்டோஸ் மாற்றிய மறுநாள் ஒரு வழக்கறிஞரின் குமாஸ்தா, மனுக்கள் அத்தனையும் கெட்டுவிட்டன என்று கணினியையே தூக்கிக்கொண்டு வந்தார். கெட்டது எதுவும் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து எழுத்துருக்களை எடுத்து நிறுவினால் தீர்ந்தது. அதுவரை அந்தக் கோப்பில் எழுத்துருவை மாற்றிச் சேமிக்காதீர்கள்.

பூச்சியம் கே.பி., அல்லது திறக்க மறுக்கிறது

சேமிக்கும் நேரத்தில் கரண்ட் போனதே வழக்கமான காரணம். அதே ஃபோல்டரில் அதே நேரத்தில் உருவான 'டெம்ப்' கோப்புகளைப் பாருங்கள். வேர்டு கோப்பு என்றால், திறக்கும் பெட்டியில் 'ஓபன்' பொத்தானின் அருகிலுள்ள அம்புக்குறியில் 'ஓபன் அண்ட் ரிப்பேர்' இருக்கிறது. ஒரு படியை வைத்துக்கொண்டு முயலுங்கள்.

எல்லாக் கோப்புகளின் பின்னொட்டும் மாறியிருக்கிறது

ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்கும் குறிப்பு ஒன்றும் கிடந்தால், அது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரான்சம்வேர். லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க்கையும் உருவிவிடுங்கள். எனக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை, விலையுள்ள மென்பொருளை இலவசமாகத் திறக்க 'கிராக்' தேடியதில் ஒட்டிக்கொண்டவை. பணம் கட்டினாலும் சாவி வரும் என்ற உறுதி கிடையாது. நெதர்லாந்துக் காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், பூட்டப்பட்ட மாதிரிக் கோப்பு ஒன்றைக் கொடுத்தால், அந்த வகைக்குச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். இப்போது இல்லையென்றாலும் பிற்பாடு வெளியாகக்கூடும் என்பதால், பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். இணையக் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண் இருக்கிறது.

அறிகுறி 5: 'ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று கேட்கிறது, அல்லது ஏற்கெனவே ஃபார்மேட் ஆகிவிட்டது

"அண்ணே, அதுவா ஃபார்மேட் கேட்டுச்சு, ஓகே குடுத்துட்டேன்" என்ற வாக்கியத்தை மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன். கேட்பது விண்டோஸ், கொடுப்பது நாம். 'கேன்சல்' கொடுங்கள்.

பழுதே இல்லாத டிஸ்க்கா என்று பாருங்கள்

சிசிடிவி டி.வி.ஆர். பெட்டியிலிருந்து கழற்றியதையும், வீடியோ எடிட்டர் தம் மேக் கணினியில் பயன்படுத்தியதையும் விண்டோஸில் செருகினால் இதே கேள்வி வரக்கூடும். விண்டோஸுக்கு அந்த மொழி தெரியாது என்பதைத் தவிர டிஸ்க்கில் குறையேதும் இல்லை. உரிய பெட்டியிலோ மேக்கிலோ மாட்டிப் பாருங்கள். பூட்டுப் படத்தோடு தெரிந்தால் பிட்லாக்கர் என்னும் விண்டோஸின் டிஸ்க் பூட்டு. 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி வேண்டும், பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தச் சாவி இல்லையென்றால் எந்த நிபுணரிடம் போயும் பயனில்லை.

அளவு சரியாகத் தெரிகிறதா

கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்த பிறகு, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து டிஸ்க்கின் மொத்த அளவைப் பாருங்கள். 1 டி.பி. டிஸ்க் 931 ஜி.பி. என்று தெரிந்தால் அது சரியான அளவுதான். பட்டியல் மட்டும் கெட்டிருக்கிறது. இதை 'ரா' என்று காட்டும். பூச்சியம் என்றோ, சம்பந்தமே இல்லாத சிறிய எண்ணாகவோ காட்டினால் டிஸ்க்கின் உள்மென்பொருளே கலங்கியிருக்கிறது. அங்கேயே நிறுத்தி நிபுணரிடம் கொடுங்கள்.

அளவு சரியாக இருந்தால் டெஸ்ட்டிஸ்க் எனும் இலவச மென்பொருள். அதில் 'அனலைஸ்', பின்பு 'குயிக் சர்ச்' கொடுத்தால் பழைய பிரிவுகள் பட்டியலாக வரும். பி விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் கோப்புகள் தெரியும். தெரிந்தால் சி விசையால் வேறு டிஸ்க்குக்குப் படியெடுத்துவிடலாம். 'ரைட்' கொடுத்துப் பிரிவுப் பட்டியலைத் திருத்தி எழுதுவது அதற்குப் பின்னர்தான். கோப்புகள் தெரியவில்லை என்றால் ஃபோட்டோரெக்.

இந்த நிலையில் விண்டோஸிலேயே உள்ள 'செக் டிஸ்க்' ஓட்டச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். நான் அதற்கு உடன்படுவதில்லை. அதன் வேலை டிரைவின் பட்டியலை முரணில்லாமல் ஆக்குவது. அதற்காக உங்கள் கோப்புகளின் பதிவுகளைத் துறக்கவும் அது தயங்காது. 'ஃபவுண்டு.000' என்ற ஃபோல்டருக்குள் பெயரிழந்த துண்டுகளாக ஒரு மருத்துவரின் பத்தாண்டு ஸ்கேன் படங்களைக் கண்டபின், படியெடுக்காத டிஸ்க்கில் அதை நான் ஓட்டியதேயில்லை.

ஃபார்மேட் ஆகிவிட்டிருந்தால்

'குயிக் ஃபார்மேட்' என்றால் மேலே சொன்ன அதே வழி, சுழலும் டிஸ்க்கில் பெரும்பாலும் வரும். குயிக் என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்திருந்தால், விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே அது டிஸ்க் முழுக்கப் பூச்சியங்களை எழுதுகிறது; முடியும்வரை ஓடியிருந்தால் எதுவும் மிஞ்சாது. பாதியில் நிறுத்தியிருந்தால் மீதிப் பாதியை ஃபோட்டோரெக் தேடித்தரும்.

அறிகுறி 6: டிஸ்க் கணினியில் தெரியவே இல்லை

கையில் வைத்துப் பாருங்கள். லேசான அதிர்வு இருக்கிறதா, இல்லையா என்பதில்தான் வழி பிரிகிறது.

சுழல்கிறது

'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் தெரிந்து, எழுத்து மட்டும் இல்லையென்றால் ஓர் எழுத்தைக் கொடுங்கள், வந்துவிடும். 'இனிஷியலைஸ்' செய்யச் சொன்னால் மறுத்துவிட்டு அறிகுறி 5க்குப் போங்கள். அங்கும் தெரியவில்லை என்றால் கேபிள். கையடக்க டிஸ்க்குகளின் அகலமான செருகி தளர்ந்துபோவது சாதாரணம். வேறு கேபிள், வேறு கணினி என்று இரண்டையும் மாற்றிப் பாருங்கள். கணினிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் அதை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிவிட்டு, விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் பயாஸ் திரையில் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

வெளிப்பெட்டிக்குள் இருக்கும் சிறு போர்டு கெட்டிருந்தால், டிஸ்க்கைக் கழற்றி நேரடியாக மாட்டலாம். இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சில கையடக்க டிஸ்க்குகளில் யு.எஸ்.பி. இணைப்பே டிஸ்க்கின் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும், உள்ளே சாட்டா இருக்காது. வேறு சிலவற்றில் அந்தச் சிறு போர்டே தகவலைப் பூட்டி எழுதுகிறது; அது இல்லாமல் படித்தால் குப்பையாகத்தான் தெரியும். ஆகவே கழற்றிய போர்டை எறிந்துவிடாதீர்கள்.

சுழலவில்லை

முதலில் மின்சாரம். கையடக்க டிஸ்க் யு.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது; யு.எஸ்.பி. 2.0 தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. மேசைக் கணினியின் முன்புற போர்ட்டில் செருகி ஓடாதது பின்புறத்தில் ஓடும். பெரிய டிஸ்க் என்றால் 12 வோல்ட் அடாப்டரைச் சோதியுங்கள்.

முனை பொருந்துகிறது என்று 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகியிருந்தால், உண்மையைச் சொல்லி நிபுணரிடம் கொடுங்கள். பெரும்பாலும் போர்டைக் காக்க வைத்த டையோடு ஒன்று தன்னைப் பலிகொடுத்திருக்கும், பழுது சிறியது. மறைத்துப் பேசினால் அவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். அதே மாடல் டிஸ்க் ஒன்றை வாங்கிப் போர்டை மாற்றிப் போடுவது இப்போதைய டிஸ்க்குகளில் பலிப்பதில்லை. ஒவ்வொரு போர்டிலும் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் பதிந்த சிப் இருக்கிறது, அதையும் மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

அறிகுறி 7: தெரிகிறது, ஆனால் திறக்க ஒரு யுகம் ஆகிறது

ஃபோல்டரைத் திறந்தால் கணினியே உறைந்துபோகிறது. படியெடுப்பது பாதியில் நிற்கிறது. இது டிஸ்க் தேய்ந்துகொண்டிருப்பதன் அடையாளம், இங்கே ஒவ்வொரு நிமிட மின்சாரமும் செலவுக்கணக்கு. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' மென்பொருளைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் குற்றம் கேபிளிலோ விண்டோஸிலோ இருக்கலாம். மஞ்சளோ சிவப்போ என்றால் 05, சி5, சி6 என்ற வரிகளைக் கவனியுங்கள். படிக்க முடியாத இடங்களின் கணக்கு அவற்றில் இருக்கிறது.

வைரஸ் ஸ்கேன், டீஃப்ராக், செக் டிஸ்க் மூன்றையும் தொடாதீர்கள். இன்றியமையாத ஃபோல்டரை முதலில், அதன்பின் அடுத்தது என்று சிறுசிறு பகுதிகளாக எடுங்கள். டிஸ்க் முழுவதையும் ஒரே இழுப்பில் எடுக்க முனைந்தால், வேண்டாத சினிமாப் படத்தில் சிக்கி நின்றுவிடும். சித்திரை வைகாசி வெயிலில் ஒரு மேசை விசிறியை நேராகத் திருப்பி வையுங்கள்.

அப்படியும் நின்றுநின்று போனால், லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் 'டிடிரெஸ்க்யூ' மென்பொருள் மூலம் டிஸ்க்கை அப்படியே, அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதியெடுக்க வேண்டும். நன்றாக இருக்கும் இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வருவது அதன் முறை. எதுவரை எடுத்தது என்று குறித்துக்கொள்ளும் 'மேப்' கோப்பைக் கொடுத்து ஓட்டினால் இடையில் நிறுத்தி, ஆறவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூலம், இலக்கு இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதால், டிஸ்க்கின் வரிசை எண்ணை இருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். மீட்பு மென்பொருளைப் பிரதியின்மேல் மட்டுமே ஓட்டுங்கள்.

நிபுணரை அழைக்கும் இடம்: சி5 எண் பார்க்கப் பார்க்க ஏறுகிறது, டிஸ்க் நடுவில் மறைந்து மறைந்து வருகிறது, அல்லது புதிதாக ஒரு சத்தம் கேட்கிறது.

அறிகுறி 8: டக், டக் என்று சத்தம், அல்லது கீழே விழுந்தது

அணைத்துவிடுங்கள். விழுந்த டிஸ்க்கை 'ஒருமுறை பார்ப்போமே' என்று செருகுவதும் கூடாது. உள்ளே தகவலைப் படிக்கும் முனை வளைந்திருந்து, சுழலும் தட்டின் மேற்பரப்பைச் சுரண்டிவிட்டால் அந்த இடத்தின் தகவலை யாராலும் எடுக்க முடியாது. ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறப்பது மூன்றுமே வேண்டாம். எங்கள் ஊர்த் தூசியில் திறந்த டிஸ்க் எனக்கு இரண்டு வந்திருக்கின்றன. இரண்டையும் அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

இது தூசியற்ற அறையில், அதே வகை டிஸ்க்கிலிருந்து முனைகளை எடுத்து மாற்றிச் செய்ய வேண்டிய வேலை. நான் செய்வதில்லை, 'டேட்டா ரெக்கவரி' என்று பலகை வைத்திருக்கும் கடைகளிலும் பல, டிஸ்க்கை வாங்கி வெளியூர் அனுப்புபவையே. அதில் தவறில்லை, சொல்லிவிட்டு அனுப்பினால் சரி. ஆகவே எங்கே, யார் திறப்பார்கள் என்று கேளுங்கள். சோதித்துப் பார்த்து, செலவை எழுத்தில் சொன்ன பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். பணம் முழுவதும் கட்டுமுன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் டிஸ்க் எல்லாப் பாகங்களோடும் திரும்பி வர வேண்டும். வழக்குக் கட்டுகளும் வாடிக்கையாளர் கணக்குகளும் உள்ள டிஸ்க் என்றால், அவர்களிடம் தங்கும் பிரதியை எப்போது அழிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். பாராமலே விலை சொல்பவரிடமும், நூற்றுக்கு நூறு என்று உறுதி தருபவரிடமும் கொடுக்காதீர்கள்.

கொண்டுபோகும்போது, நிலைமின்சாரம் தடுக்கும் உறையில் இட்டு, நாலாபுறமும் பஞ்சோ ஃபோமோ வைத்த பெட்டியில் வையுங்கள். ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டு பைபாஸ் ரோட்டு வேகத்தடைகளைத் தாண்டாமல், பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

மீட்டு வந்ததும் பெயர்ப் பட்டியலைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல், ஒவ்வொரு ஃபோல்டரிலும் நான்கைந்தைத் திறந்து பாருங்கள். வீடியோ என்றால் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். கோப்புகளை இரண்டாவது டிஸ்க்கிலும் படியெடுத்து முடிக்கும்வரை பழைய டிஸ்க்கை யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம், ஃபார்மேட் செய்யவும் வேண்டாம்.